விரல் மூன்றாவது வரியில்

சிறுமி சொன்னது மூன்று சொல். நான் அதைச் சிங்களத்தில் ஒரு முழு வாக்கியமாக்கிச் சொன்னேன். வைத்தியர் அந்த வாக்கியத்தைத் தன் தாளில் எழுதிக்கொண்டார்.

கண்டியில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியின் சிறுவர் பிரிவு அது. அறையில் ஒரு மேசை, நான்கு கதிரைகள், கண்ணாடி உடைந்த இடத்தில் அட்டை ஒட்டிய ஓர் அலுமாரி. மேசைக்கு அந்தப் பக்கம் வைத்தியர். பிள்ளைகளின் மனநலம் பார்ப்பவர், சிங்களப் பெண், என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். இந்தப் பக்கம் என் வகுப்புச் சிறுமி. ஒன்பது வயது, நான்காம் தரம், எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை. இருவருக்கும் நடுவே, மேசையின் குறுகிய ஓரத்தில், மொழிபெயர்க்க நான். சிறுமியின் தாய் சுவரோரக் கதிரையில் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தார்.

வைத்தியர் கேட்ட கேள்வி இது: பஸ்ஸில் உனக்கு முன்னால் இருந்த ஒருவர் குடையை மறந்து வைத்துவிட்டு இறங்கிப் போகிறார். நீ என்ன செய்வாய்? நான் அதைத் தமிழில் கேட்டேன். சிறுமி மேசை விளிம்பைப் பார்த்தாள். கூரைத் தகரத்தில் காகம் ஒன்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து போனது கேட்டது. அதற்குப் பிறகுதான் பதில் வந்தது.

"கொடைய... கண்டக்டர் அண்ணன்கிட்ட."

நான் வைத்தியரிடம் சொன்னது: "இறங்கியவர் எந்த இடத்தில் இறங்கினார் என்று கண்டக்டருக்குத் தெரிந்திருக்கும், அதனால் குடையை அவரிடம் கொடுப்பேன் என்கிறாள்."

பொய் சொல்கிறேன் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. அதை விளக்க என் பழைய வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எட்டு ஆண்டுகள் கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தேன். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வரும் அறிக்கைகளையும் பேட்டிகளையும் தமிழாக்குவது என் பங்கு. யாரும் பேச்சில் வாக்கியத்தை முடிப்பதில்லை. நான் முடித்து வைப்பேன். பின்னால் சொன்னதை முன்னால் கொண்டு வருவேன், இரண்டு முறை சொன்னதை ஒரு முறையாக்குவேன், "அது வந்து" என்பதையெல்லாம் எடுத்துவிடுவேன். நான் இப்படிச் சொல்லவில்லை என்று ஒருவர்கூட முறையிட்டதில்லை. நன்றி சொன்னவர்கள் உண்டு. வாப்பாவுக்கு நடக்க முடியாமல் போனபோது கெலிஓயாவில் உள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பினேன், ஆசிரியர் சேவைப் பரீட்சை எழுதினேன், ஹந்தானை மலையின் அடியில் உள்ள ஒரு தமிழ்ப் பாடசாலையில் நான்காம் தரம் தந்தார்கள். வேலை மாறியது. கை மாறவில்லை.

அன்று அந்தக் கை வேகமாக வேலை செய்ததற்கு ஒரு காரணமும் இருந்தது. அதிபரின் மேசை லாச்சியில் ஒரு கடிதம் தட்டச்சு செய்து தயாராக இருந்தது. வைத்திய அறிக்கை வந்ததும் திகதி போட்டால் போதும். இந்தச் சிறுமியை வேறொரு பாடசாலையோடு சேர்ந்த விசேட கல்வி அலகுக்கு மாற்றும் கடிதம் அது. அங்கே போக இரண்டு பஸ் பிடிக்க வேண்டும். அங்கே பாடம் நடப்பது சிங்களத்தில். சிறுமிக்குச் சிங்களத்தில் பத்து வரை எண்ணவும், கடையில் சீனி கேட்கவும் தெரியும்.

அதிபர் கெட்டவர் இல்லை. யாழ்ப்பாணத்தவர், ஓய்வு பெற இரண்டு மூன்று ஆண்டு இருந்தது. பிள்ளைகளை அடிக்க மாட்டார், கத்த மாட்டார், காகிதத்தை வீணாக்க மாட்டார். பழைய சுற்றறிக்கைகளின் பின்பக்கத்தில்தான் எங்கள் பாட நேரசூசியை எழுதுவார்.

"டீச்சர், இது தண்டனை இல்லை," என்றார் கடிதத்தைக் காட்டியபோது. "அங்க பத்துப் பிள்ளையளுக்கு ஒரு ஆள். இஞ்ச நீங்கள் முப்பத்தெட்டுப் பேரோட மல்லுக்கட்டுறியள். அவளுக்கு ஒரு வரி வாசிக்கேலாது. அடுத்த வருசம் அஞ்சாம் ஆண்டு. புலமைப்பரிசில் சோதனை எழுத இருத்தினால் என்ன செய்வாள் எண்டு சொல்லுங்கோ பாப்பம்."

"அங்க சிங்களத்திலதானே சேர் படிப்பிக்கிறாங்க. தமிழ் தெரிஞ்ச யாராவது ஈக்கிறாங்களா?"

அவர் யோசித்தார். "கேற்றடியில நிக்கிற காவலாளி நல்லாக் கதைப்பார்," என்றார். அவர் அதைப் பகிடியாகச் சொல்லவில்லை.

ஆகவே, அந்த அறையில் நான் போய் உட்காரும்போது எனக்கு ஒன்று தெளிவாக இருந்தது. அறிக்கையில் 'அறிவு வளர்ச்சி குறைவு' என்று வந்தால் கடிதத்துக்குத் திகதி விழும். சிறுமியின் மூளையில் குறையொன்றும் இல்லை என்பது எனக்கு நிச்சயம். அவளோடு வாயால் பேசிய எவருக்கும் அது தெரியும். அந்த நிச்சயத்தை வைத்தியரின் தாளில் ஏற்றிவிட வேண்டும் என்றுதான் நான் போயிருந்தேன் போலும்.

அடுத்து வைத்தியர் ஒரு சின்னக் கதையைச் சொல்லி, அதைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். சிறுமி கதையின் முடிவிலிருந்து தொடங்கினாள், நடுவுக்குப் போனாள், நிறுத்தினாள், "இல்ல, மொதல்ல நாய்தான் வந்துச்சு" என்றாள். நான் நாயை முதலில் வைத்து ஒழுங்காகச் சொன்னேன்.

கடைசியாக வாசிப்பு. வைத்தியரிடம் தமிழில் பிள்ளைகளுக்கான வாசிப்புத் தாள் ஒன்றும் இருக்கவில்லை. கேட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை என்றார். உங்களிடம் ஏதும் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டார். என் பையில் எங்கள் நான்காம் தரத் தமிழ்ப் புத்தகம் இருந்தது. எடுத்து, அந்த மாதம் படித்த பாடத்தைத் திறந்து கொடுத்தேன்.

எங்கள் பாடசாலையில் நான்கு வகுப்புகள் ஒரே மண்டபத்தில் நடக்கின்றன. நடுவில் ஆளுயரப் பலகைத் தட்டிகள் மட்டும். நான் ஒரு வரி வாசிப்பேன், முப்பத்தெட்டுப் பேரும் திருப்பிச் சொல்வார்கள். தட்டிக்கு அந்தப் பக்கம் ஐந்தாம் தரமும் அப்படியே சொல்லும். அவர்கள் சத்தத்தில் நாங்கள் மூழ்காமல் இருக்க நாங்கள் இன்னும் உரக்கச் சொல்வோம். விறாந்தையில் நடந்து வரும் அதிபர் சத்தத்தை வைத்துத்தான் வகுப்புகளைக் கணக்கெடுப்பார். சத்தம் வந்தால் பாடம் நடக்கிறது. வராவிட்டால் ஆசிரியர் லீவு, எட்டிப் பார்க்க வேண்டும். ஒரு பாடத்தை இப்படி ஒரு வாரம் சொன்னால் தட்டிக்கு அந்தப் பக்கம் உள்ள பிள்ளைகளுக்கும் அது மனப்பாடமாகிவிடும்.

சிறுமி வாசித்தாள். தடங்கல் இல்லை. வகுப்பில் நாங்கள் இழுக்கும் இடத்தில் இழுத்தாள், நிறுத்தும் இடத்தில் நிறுத்தினாள். வைத்தியர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் விரல் மூன்றாவது வரியில் இருந்தது. வாய் ஐந்தாவது வரியைச் சொல்லிக்கொண்டிருந்தது.

அதை நான் கண்டேன். இதை எழுதும்போது அந்தப் பக்கத்தின் மேல் மூலையில் இருந்த மைக்கறைகூட நினைவில் இருக்கிறது. பிழைகள் எத்தனை என்று வைத்தியர் கேட்டார். "இல்லை," என்றேன்.

அறிக்கை இரண்டு வாரத்தில் வந்தது. அறிவு வளர்ச்சி வயதுக்கு ஏற்றது. வாசிப்பு வயதுக்கு ஏற்றது. விசேட ஏற்பாடு எதுவும் அவசியமில்லை.

அதிபர் இரண்டு முறை வாசித்தார். "நல்லம்," என்றார். கடிதத்தைத் திரும்ப லாச்சிக்குள் வைத்தார். கிழிக்கவில்லை. "அப்ப பிள்ளைக்குக் குறையில்லை. சோம்பல்தான். சோம்பலுக்கு மருந்து எங்களுக்குத் தெரியும்தானே டீச்சர். தாயைக் கூப்பிட்டு நான் சொல்லுறன்."

அன்று பின்னேரம் கெலிஓயா பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. வென்ற ஆளைப் போல வீட்டுக்குப் போனேன்.

மூன்றாவது வாரத்தில்தான் எனக்கு உறைத்தது. சிறுமி வகுப்பில் பேசுவதை விட்டிருந்தாள். முன்பெல்லாம் இடைவேளையில் என் மேசைக்கு வந்து, தேயிலைத் தோட்டத்து லயத்தில் யாருடைய கோழியை எந்த நாய் பிடித்தது, யார் யாரை ஏசினார்கள் என்று எல்லாம் சொல்வாள். இப்போது கதிரையைவிட்டு எழுவதில்லை. கூட்டாகச் சொல்லும்போது வாயைத் திறந்து மூடினாள். சத்தம் வருகிறதா என்று பக்கத்தில் போய் நின்றேன். வரவில்லை.

ஒரு திங்கட்கிழமை கொப்பிகளைத் திருத்தும்போது அவளுடைய கொப்பி கனமாக இருந்தது. வெள்ளிக்கிழமைப் பாடத்தை அவள் பத்து முறை எழுதியிருந்தாள். எழுத்து அச்சு மாதிரி. அவள் எழுத்து எப்போதும் அழகு, அதற்காக நானே பல முறை நட்சத்திரம் போட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை நான் கரும்பலகையில் கடைசி வரியை எழுதிக்கொண்டிருக்கும்போது மணி அடித்துவிட்டது. "விவசாயி வயலுக்கு" என்பதோடு நிறுத்தி வெண்கட்டியை வைத்துவிட்டேன். மற்றப் பிள்ளைகளில் சிலர் "போனார்" என்று தாங்களே முடித்திருந்தார்கள், சிலர் அந்த வரியை விட்டிருந்தார்கள், ஒருவன் "டீச்சர் எழுதல" என்று குறிப்பு எழுதியிருந்தான். இவள் "விவசாயி வயலுக்கு" என்று பத்து முறையும் நிறுத்தியிருந்தாள். அது பாதியில் நிற்கிறது என்பதே அவளுக்குத் தெரியவில்லை. எழுத்துகளைப் படமாகப் பார்த்து வரைந்திருக்கிறாள்.

ஏன் பத்து முறை என்று கேட்டேன்.

"அம்மா சொன்னாங்க. எழுதி முடிச்சாத்தான் சோறு."

"எப்ப இருந்து?"

"டொக்டர் காயிதம் வந்ததுல இருந்து டீச்சர்."

ஆசிரியர் பயிற்சியில் கல்வி உளவியல் எனக்குப் பிடித்த பாடம். பிள்ளையின் தேவையைச் சரியாக இனங்காண்பது பற்றியும், கேள்வி கேட்டபின் பிள்ளை யோசிக்க நேரம் விடுவது பற்றியும் பக்கம் பக்கமாக எழுதி நல்ல புள்ளி வாங்கியிருக்கிறேன். கொப்பியை மூடி வைத்தபோது அது நினைவுக்கு வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹந்தானைக்குப் போனேன். பஸ் நின்ற இடத்திலிருந்து லயத்துக்குக் கல்லு ரோட்டில் கால் மணி நேரம் ஏற வேண்டும். சிறுமியின் தாய் முன்பு கொழுந்து எடுத்தவர், இப்போது டவுனில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறார். வாரத்தில் அவருக்குக் கிடைக்கும் ஒரே நாள் அது. வாசலில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"வாங்க டீச்சர், வாங்க. ஏன் இவ்வளவு தூரம் நடந்து வந்தீங்க? புள்ள என்னாச்சும் செஞ்சிட்டாளா?"

"புள்ள ஒண்ணும் செய்யல்ல. நான்தான் செஞ்சிட்டேன்."

தேத்தண்ணி வந்தது. சிறுமியை அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நடந்ததைச் சொன்னேன். குடையைச் சொன்னேன், நாயைச் சொன்னேன், விரலைச் சொன்னேன். முடிந்ததும் தாய் கோப்பையைக் கீழே வைத்தார்.

"டீச்சர், நான் ஒண்ணு கேக்கவா? கோவப்படக் கூடாது."

"கேளுங்க."

"சோதனையில ஒரு புள்ளைக்கு இன்னொரு புள்ள சொல்லிக் குடுத்தா, நீங்க காப்பின்னு சொல்லி ரெண்டு பேரையும் வெளிய நிறுத்துவீங்க, இல்லையா?"

"ஓ, நிறுத்துவேன்."

"அப்ப டீச்சரை யாரு வெளிய நிறுத்துறது?"

அவர் பதிலுக்காகக் கேட்கவில்லை. உடுப்புக் கூடையைப் பார்த்தார். பிறகு குரல் மாறியது.

"மூணு கிழமையா நான் அவளை மாட்டை வெரட்டுற மாதிரி வெரட்டுறேன் டீச்சர். டொக்டரே ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்க, அப்ப நீ வேணும்னுதானே செய்யிறன்னு கேட்டேன். வாயே தொறக்கல. இப்ப நீங்க வந்து இப்புடி சொல்றீங்க."

"திரும்ப டொக்டர்ட்ட போவோம். உள்ளத உள்ளபடி சொல்லுவேன்."

"உள்ளபடி சொன்னா அந்தச் சிங்கள ஸ்கூலுக்கு அனுப்பிருவாங்களே?"

அதுதான் கேள்வி. அனுப்பலாம். லாச்சியில் கடிதம் அப்படியே இருக்கிறது. அனுப்ப விடமாட்டேன் என்று சொல்ல வாய் வந்தது. அதுவும் ஒரு வாக்கியத்தை நானே முடித்து வைப்பதாக இருக்கும் என்று தோன்றியது.

"தெரியாது," என்றேன். "ஆனா அவளுக்கு வாசிக்கத் தெரியும்னு ஒரு காயிதம் ஈக்கும் வரைக்கும் யாரும் அவளுக்கு வாசிக்கச் சொல்லிக் குடுக்க மாட்டாங்க. நானும் சேர்த்துத்தான்."

தாய் கூடையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து உதறினார். "இன்னொரு லீவு கேட்டா எங்க மொதலாளி, வீட்டுலயே இருந்துருன்னு சொல்லுவாரு," என்றார். பிறகு, "கேக்குறேன். அந்தாளு ஏசுனா ஏசட்டும்."

பத்திரிகையில் 'திருத்தம்' என்று ஒரு சின்னப் பெட்டி போடுவோம். நேற்று இன்ன பக்கத்தில் இன்ன செய்தியில் இப்படி வந்தது, அது இப்படி இருக்க வேண்டும். வருத்தம் ஒரு வரி, விளக்கம் கிடையாது. அதே முறையில் ஒரு தாளில் எழுதினேன். சிறுமி சொன்னது இடப்பக்கம், நான் சொன்னது வலப்பக்கம். நினைவில் இருந்த வரையில் ஏழு இடங்கள். எட்டாவதாக வாசிப்பு. கிளினிக் நாளில் காலையிலேயே போய் வரிசையில் நின்று வைத்தியரிடம் கொடுத்தேன்.

அவர் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். நான் ஏச்சுக்குத் தயாராக நின்றேன். அவர் ஏசவில்லை. தாளை மேசையில் வைத்து, அதன் வலப்பக்கத்தைப் பேனாவால் தட்டினார்.

"நான் உங்களைத்தான் பரிசோதித்திருக்கிறேன்," என்றார் சிங்களத்தில். "உங்கள் வாசிப்பு வயதுக்கு ஏற்றதுதான்."

நான் சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றேன். அவர் அடுத்துக் கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை.

"வகுப்பிலும் இப்படித்தான் செய்கிறீர்களா?"

இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் ஒரு பாடம் முழுவதையும் கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்து, பஸ்ஸில் காதில் மாட்டிக் கேட்டேன். "பறவைகள் எங்கே கூடு கட்டும்?" என்று என் குரல். மூச்சு விடும் நேரம். "மரத்தில்..." என்று மீண்டும் என் குரல். "கட்டும்!" என்று முப்பத்தெட்டுக் குரல். பாடம் முழுவதும் அப்படித்தான். ஒரே ஓர் இடத்தில் மட்டும் நான் ஒரு கேள்விக்குப் பின் உண்மையில் அமைதியாக இருந்தேன். அது அதிபர் ஏதோ படிவம் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்ட நேரம்.

இரண்டாவது சந்திப்புக்கு வைத்தியர் நான்கு நிபந்தனைகள் போட்டார். வேறு மொழிபெயர்ப்பாளர் இல்லை, ஆகவே நான்தான். ஆனால் சிறுமிக்கு என் முகம் தெரியாதபடி அவளுக்குப் பின்னால் உட்கார வேண்டும். அவள் என்ன சொன்னாலும் அந்த வரிசையிலேயே, அந்த உடைசலோடேயே சொல்ல வேண்டும். ஒன்றும் சொல்லாவிட்டால் "ஒன்றும் சொல்லவில்லை" என்று சொல்ல வேண்டும். வாசிக்க அவள் ஒருபோதும் கேட்டிராத ஒரு பந்தியை நானே எழுதிக்கொண்டு வர வேண்டும்.

பந்தி எழுதுவது என் தொழில். பத்து வரியில் ஒரு செய்தி எழுதினேன். வத்தேகமச் சந்தைக்குக் கரட் ஏற்றிப்போன ஒரு லொறி மழையில் வழுக்கி வடிகானில் சாய்கிறது, ரோட்டில் போனவர்கள் சேர்ந்து தூக்கிவிடுகிறார்கள். சின்னச் சொற்கள், சின்ன வாக்கியங்கள். இரண்டு முறை சரிபார்த்தேன்.

அவள் அதை வாசித்ததைக் கேட்டுக்கொண்டிருப்பது லேசாக இருக்கவில்லை. முதல் சொல்லை மூன்று துண்டாகச் சொன்னாள். இரண்டாவது சொல்லை வேறு சொல்லாக ஊகித்தாள். வரியின் முடிவில் விரல் அடுத்த வரிக்குப் போகாமல் அதே வரியின் தொடக்கத்துக்குத் திரும்பி வந்தது. சுவரோரத்தில் தாய் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் ஒவ்வொரு பிழைக்கும் தாளில் ஒரு கோடு போட்டேன். சில இடங்களில் சொல்லின் முதல் எழுத்தை மெதுவாகச் சொல்லிவிட்டால் அவள் பிடித்துக்கொள்வாள் என்று தெரிந்தது. என் நாக்கு மேலண்ணத்தில் போய்த் தயாராக நின்றதையும் உணர்ந்தேன். வாயை மூடிக்கொண்டிருந்தேன். நான்காவது வரியில் வைத்தியர் போதும் என்று கை காட்டினார்.

பிறகு வைத்தியர், "அதையே நீங்கள் அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஒரே ஒரு முறை," என்றார். வாசித்தேன். லொறி எங்கே போனது, ஏன் சாய்ந்தது, யார் தூக்கினார்கள் என்று அவர் கேட்கக் கேட்க நான் தமிழில் கேட்டேன். சிறுமி நேரம் எடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் சொன்னாள். வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று வைத்தியர் கேட்டார்.

அமைதி. காகம் இல்லை அன்று. வெளியே யாரோ ஒரு குழந்தையைச் சமாதானப்படுத்தும் சத்தம் மட்டும். நான் கதிரையின் அடியைப் பிடித்துக்கொண்டேன்.

"லொறியில... கரட்டுன்னுதானே சொன்னீங்க," என்றாள் சிறுமி. "அப்பறம், ரோட்டுல உருண்டது... கோவான்னு சொன்னீங்க. கோவா எப்புடி வந்துச்சு?"

தாளைப் பார்த்தேன். முதல் வரியில் கரட். ஏழாவது வரியில், ரோட்டில் உருண்ட முட்டைக்கோவாக்களைப் பிள்ளைகள் பொறுக்கினார்கள் என்று இருந்தது. எட்டு ஆண்டுகள் மற்றவர்களின் பிழையைப் பிடித்துச் சம்பளம் வாங்கியவள் நான். இரண்டு முறை சரிபார்த்த பந்தி.

அவள் சொன்னதை அப்படியே, நிறுத்திய இடங்களில் நிறுத்தி, சிங்களத்தில் சொன்னேன். கரட், கோவா இரண்டும் சிங்களத்திலும் கிட்டத்தட்ட அதே சொற்கள்தான், வைத்தியருக்கு நான் முடிக்கும் முன்பே விளங்கிவிட்டது. அவர் என்னைப் பார்த்தார்.

"வேண்டுமென்று போட்டீர்களா?"

"இல்லை," என்றேன். உள்ளபடி சொல்வதாக வந்த நாள் அது.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். தாய், என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். "அவ வீட்டுலயும் அப்புடித்தான் டீச்சர்," என்றார் அவர், பல நாளுக்குப் பின் பெருமையோடு. "ஒரு பொய் சொல்லித் தப்ப முடியாது அவகிட்ட."

புதிய அறிக்கை நீளமாக இருந்தது. காதால் கேட்டு விளங்குவதிலும் யோசிப்பதிலும் குறையில்லை. எழுத்தை வாசிப்பதில் பெரிய தடை உண்டு. அதே வகுப்பில், தன் தாய்மொழியில் தொடர்ந்து படிக்க வேண்டும். கேள்விகளை வாசித்துக் காட்ட வேண்டும். பதில் சொல்ல மேலதிக நேரம் தர வேண்டும். தினமும் சிறிது நேரம் தனியாக எழுத்துப் பயிற்சி வேண்டும். பார்த்தெழுதுவதைத் தண்டனையாகத் தரக் கூடாது. நான் அதை அதிபர் கேட்கும் முன் தமிழில் எழுதிக் கொண்டுபோய், மூலத்தையும் பக்கத்தில் வைத்தேன். இம்முறை யார் வேண்டுமானாலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அதிபர் கண்ணாடியைக் கழற்றினார். "டீச்சர், முதல் றிப்போட் ஒண்டு சொல்லுது. இது வேற சொல்லுது. வலயக் கல்வி அலுவலகத்தில கேட்டால் நான் எதைக் காட்டுறது?"

"ரெண்டையும் காட்டுங்க சேர். முதல் றிப்போட்ல உள்ள பிழைக்கு நான் பொறுப்புன்னு எழுதித் தந்தீக்கிறேன். கீழ ஈக்கிது பாருங்க."

அவர் பார்த்தார். "இதால உங்களுக்குப் பிரச்சினை வரலாம்."

"வரட்டும்."

"சரி, ஒரு பிள்ளைக்குக் கேள்வியை வாசிச்சுக் காட்டினால், மற்றத் தாய்தகப்பன் சும்மா இருப்பினமோ? எங்கட பிள்ளைக்கும் வாசியுங்கோ எண்டு வந்து நிப்பினம்."

"வந்தா வாசிப்பேன் சேர். இவளுக்கு வாசிக்கிறப்போ இன்னும் நாலு பேருக்கு விளங்குது. கூட்டாச் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அவங்களுக்கும் வாசிக்கத் தெரியாதுன்னு எனக்குத் தெரியல்ல."

அது உண்மை. ஒலிப்பதிவைக் கேட்ட பிறகு ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு, புதிய பந்தி கொடுத்து வாசிக்கச் சொல்லியிருந்தேன். அவள் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். மனப்பாடத்துக்குப் பின்னால் மறைந்திருந்தவர்கள் இன்னும் நால்வர். அவர்களில் ஒருத்தி எங்கள் வகுப்புத் தலைவி.

அதிபர் அறிக்கையை மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். நான் இருக்கையில் இருந்து எழவில்லை. மணி அடித்தது, அப்போதும் எழவில்லை. "பேப்பரில வேலை செய்த ஆக்களோட வாதாடி வெல்லேலாது," என்றார் கடைசியில். லாச்சியைத் திறந்து, அந்தக் கடிதத்தை எடுத்தார். கிழிப்பார் என்று எதிர்பார்த்தேன். புரட்டினார். வெறுமையாக இருந்த பின்பக்கத்தில் அளவுகோலை வைத்துக் கோடு கீறி, தினமும் காலைக் கூட்டத்துக்குப் பிந்திய இருபது நிமிடத்தில் எனக்கு ஐந்து பிள்ளைகளோடு தனிப் பாடம் என்று புதிய நேரசூசி எழுதினார். கீழே கையெழுத்து வைத்தார். அது இப்போது என் வகுப்பு அலுமாரியின் உட்கதவில் ஒட்டியிருக்கிறது.

வாசிப்பு ஒரு பாடசாலைத் தவணையில் வரவில்லை. இப்போது அவளால் நான்கு வரிகள் வாசிக்க முடியும், மெதுவாக, விரல் வரி தவறாமல். அடியில் ஓர் அட்டையை வைத்து நகர்த்துகிறாள். தாய் பார்த்தெழுதச் சொல்வதை விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமையில் அவளுக்குச் சவர்க்காரப் பெட்டியின் எழுத்துகளைக் காட்டி வாசிக்கச் சொல்கிறாராம்.

போன மாதம் ஒரு நாள் சுற்றாடல் பாடம். மழை பெய்தால் நம் ஓடைத் தண்ணீர் ஏன் கலங்குகிறது என்று கேட்டுவிட்டு, அவள் பெயரைச் சொன்னேன். யாரும் முந்திச் சொல்லக் கூடாது என்பது எங்கள் புதிய சட்டம். முன்வரிசையில் ஒருவன் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டான். நானும் வெண்கட்டியை மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் நின்றேன். தட்டிக்கு அந்தப் பக்கம் ஐந்தாம் தரம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் சத்தம் இல்லை.

விறாந்தையில் செருப்புச் சத்தம் நின்றது. வாசலில் அதிபரின் தலை.

"டீச்சர் நிக்கிறியளோ? சத்தத்தைக் காணேல்லை, அதான்..."

நான் வாய் திறக்கும் முன் சிறுமி திரும்பிப் பார்த்தாள்.

"நான் யோசிச்சிக்கிட்டு இருக்கேன் சேர்," என்றாள். "கொஞ்சம் இருங்க."

அதிபர் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் மொழிபெயர்க்கவில்லை. அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார். வாயைப் பொத்தியிருந்தவன் சிரிப்பை அடக்கி முகம் சிவந்தான். ஐந்தாம் தரம் ஏழாம் வாய்ப்பாட்டை முடித்து எட்டாவதைத் தொடங்கியது.

"மேல நம்பர் மூணு மலையில," என்றாள் அவள், "பழைய தேயிலைய... புடுங்கிட்டாங்க. புது கன்னு இன்னும் நடல. மண்ணு சும்மா கெடக்கு. மழை வந்தா... அது எறங்கி வருது."

பாடப் புத்தகத்தில் அந்தப் பதில் இல்லை. நான் அதைக் கரும்பலகையில் எழுதினேன், அவள் சொன்ன வரிசையிலேயே, கடைசிச் சொல் வரை.